மெல்லிய குழாய் மூட்டுக்கு டிக்கா, ஆர்பிட்டலா, லேசரா? உள்பக்கம் கறுத்துப்போகிறது

புதுப்பட்டறை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இரண்டு வகை வேலை ஓடுகிறது. ஒன்று, 316எல் ஸ்டெயின்லெஸ் குழாய். வெளிவிட்டம் 38.1 மி.மீ., சுவர் கனம் 1.65 மி.மீ. முனையோடு முனை சேர்க்கும் பட் ஜாயிண்ட், உள்ளே திரவம் ஓடும் லைன். இன்னொன்று, 2 மி.மீ. கனமுள்ள மைல்ட் ஸ்டீல் சதுரக் குழாயில் ஃபிரேம். முதலாவதைக் கையால் டிக் (டங்ஸ்டன் முனையின் ஆர்க்கில், அதாவது மின்பொறியில், உருக்கி ஃபில்லர் கம்பியைக் கையால் ஊட்டுவது), இரண்டாவதை மிக் (கம்பி தானாக ஓடிவந்து உருகுவது).

போன வாரம் வாடிக்கையாளர் தரப்பு ஆய்வாளர் ஸ்டெயின்லெஸ் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார். வெளியே காசு அடுக்கினமாதிரி இருந்த மூட்டு, உள்ளே கறுத்துப் பொரிந்து கிடந்தது. 40 மூட்டில் 11 தள்ளுபடி. வெல்டர் மேல் எனக்குக் குறையில்லை, கை சுத்தமான ஆள்.

முதலாளி ஒரே பிடியாக நிற்கிறார்: "டிக் போதும், கையால் பிடிக்கிற லேசர் மெஷின் வாங்கிவிடலாம்." எனக்கு ஆர்பிட்டல் (டிக் தலை தானாகவே குழாயைச் சுற்றி ஓடும் மெஷின்) மேல் ஒரு கண். இதற்கிடையில் உராய்வு வெல்டிங், ஹை ஃபிரீக்வன்சி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இப்போதைய நடைமுறை: வட்ட ரம்பத்தில் அறுக்கிறோம், கையால் பிசிர் எடுக்கிறோம், ஒரு மேசையில் நாலு டாக் (துண்டுகள் நகராமல் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டு), அடுத்த மேசையில் உள்ளே ஆர்கான் விட்டு முழு வெல்டிங். எந்த முறைக்கு மாறலாம்?

---

லேசர்தாசன்

முதலாளி சொல்வதுதான் சரி. நான் ஃபைபர் லேசரில்தான் தினமும் வேலை பார்க்கிறேன். 1.65 மி.மீ. சுவரெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகம் வைத்துக்கொண்டாலும் உங்கள் குழாயின் சுற்றளவு 120 மி.மீ., நாலு வினாடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். டிக்கில் நிமிடத்துக்கு மேல் ஆகும். சூடு கம்மி, கோணல் கம்மி, பாலிஷ் வேலையும் கம்மி. டிக் பழக வருஷக்கணக்கு வேண்டும், இதை ஒரே வாரத்தில் பிடித்துவிடலாம்.

---

பழைய_ஃபிட்டர்

தம்பி, மெஷினப் பத்தி அப்புறம் பேசலாம். ரம்பத்துல அறுத்த முனைய ஒரு மூலமட்டத்துல வெச்சுப் பாத்தியா? சுத்தி வர வெளிச்சம் தெரியாம இருக்கா? ஒரு பக்கம் ஒட்டி, எதிர்ப்பக்கம் நகக்கண் அளவு பிளந்துதான் இருக்கும். எழுதி வெச்சுக்கோ.

கை டிக்ல ஆள் என்ன பண்ணுவான்? இடைவெளி வர்ற இடத்துல ஃபில்லர் ராடை ஒரு சொட்டு கூட விட்டு மூடிட்டுப் போயிடுவான். அவன் கண்ணும் கையும் உன் ரம்பத்தோட தப்பை இத்தனை நாளா மறைச்சிட்டிருக்கு. லேசருக்கோ ஆர்பிட்டலுக்கோ அந்தக் கருணை கிடையாது.

---

நீலச்சுடர்

பெரியவர் சொன்னதற்கு ஒரு எண் சேர்க்கிறேன். ஃபில்லர் இல்லாத லேசர் பட் ஜாயிண்டில் இடைவெளி சுவர் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு அது 0.16 மி.மீ., ஏறக்குறைய இரண்டு தாள் கனம். கதிர் விழும் புள்ளியே மி.மீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான். இடைவெளி பெரிதானால் கதிர் நடுவிலே புகுந்து போய்விடும். கதிரை ஆட்டி ஓட்டும் 'வாபிள்' வசதியும் ஃபில்லர் கம்பியும் இருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, யாரும் இதைக் கேட்கவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. உள்ளே கறுப்பது டிக்கின் குணம் இல்லை. உருகிய குரோமியம் ஆக்சிஜனைப் பார்த்தால் கறுக்கத்தான் செய்யும், ஆர்க்கால் உருகினால் என்ன, லேசரால் உருகினால் என்ன. பட்டறையில் 'சர்க்கரை பிடிச்சிருச்சு' என்பது இதைத்தான். லேசர் வாங்கினாலும் உள்ளே ஆர்கான் நிரப்பியே ஆக வேண்டும்.

இப்போது நேரக் கணக்கைப் பாருங்கள். உங்கள் குழாயின் உள்விட்டம் 34.8 மி.மீ. மீட்டருக்குச் சுமார் 0.95 லிட்டர் கொள்ளளவு. 2 மீட்டர் துண்டுக்கு 1.9 லிட்டர். உள்ளிருக்கும் காற்றை விரட்ட குறைந்தது பத்து மடங்கு ஆர்கான் என்றால் 19 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டு நிமிடம் சும்மா காத்திருக்க வேண்டும். வெல்டிங் நாலு வினாடியானாலும் எழுபது வினாடியானாலும் அந்த இரண்டு நிமிடம் குறையாது. மூட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் அடைப்பு வைத்து நடுவில் மட்டும் ஆர்கான் நிரப்பினால் அது சில வினாடியாகக் குறையும். உங்கள் உற்பத்தி வேகம் இந்த அடைப்பில் இருக்கிறது.

---

லேசர்தாசன்

ஆர்கான் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முனையை நன்றாகச் சீவிக் கொடுத்தால் லேசருக்கு ஈடு கிடையாது. சூட்டுக் கணக்கிலாவது விட்டுக்கொடுங்கள் மேடம் :)

---

நீலச்சுடர்

சூட்டுக் கணக்கில் தாராளமாக விட்டுக்கொடுக்கிறேன். வோல்ட், ஆம்பியர், ஓட்டும் வேகம் மூன்றையும் வைத்து மி.மீட்டருக்கு எத்தனை கிலோஜூல் என்று பார்த்தால் லேசர் வெகு கீழே இருக்கும். டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் (ஃபெரைட், ஆஸ்டினைட் இரண்டு அமைப்பும் கலந்த ரகம்) மாதிரி சூட்டுக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் உள்ள உலோகத்தில் மட்டும் 'கம்மி சூடு' என்று கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. வேகமாக ஆறினால் ஃபெரைட் கூடிப்போகும். 316எல் மெல்லிய சுவருக்கு அந்தக் கவலை இல்லை.

---

எக்ஸ்ரே_ஆந்தை

ஆய்வாளர் தரப்பிலிருந்து இரண்டு வார்த்தை.

கையால் பிடிக்கிற லேசர் நாலாம் வகுப்புக் கதிர். அலைநீளம் 1,070 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயின்லெஸ் பளபளப்பில் பட்டு எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. விழித்திரை வரை நேராகப் போகும், இமை மூடிக்கொள்ள நேரமும் தராது. சாதாரண வெல்டிங் ஹெல்மெட் இதற்குக் காவல் ஆகாது. அந்த அலைநீளத்துக்கென்றே உள்ள கண்ணாடி, நாலு பக்கமும் மூடிய அறை, கதவு திறந்தால் கதிர் அணையும் இணைப்பு, மூன்றும் இல்லாமல் வாங்காதீர்கள். கண்காட்சியில் இதெல்லாம் காட்ட மாட்டார்கள். அங்கே வேடிக்கை பார்க்க நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது, நீங்கள் விற்கும் மூட்டைச் சோதிக்கப்போகிறவர் உள்ளே கேமரா விடுகிறவர். முறையின் பெயர் அவருக்கு முக்கியமில்லை. உள்பக்கம் சமமாக இருக்கிறதா, நிறம் வெளிர்வைக்கோலைத் தாண்டி நீலம், சாம்பல் என்று போகிறதா, குழி விழுந்திருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பார். அங்கிருந்து பின்னோக்கி யோசியுங்கள்.

---

மில்காரன்

ஹை ஃபிரீக்வன்சி பற்றி யாரோ சொன்னார்களாமே, அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். அது நான் தினமும் பார்க்கும் வேலை. இரண்டு குழாயைச் சேர்க்க அல்ல, தகட்டைச் சுருட்டிக் குழாய் ஆக்க. நீளவாக்கில் ஓடும் தையல் அது. உங்கள் ஃபிரேம் சதுரக் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், நீளமாக ஒரு வரம்பு தட்டுப்படும். அது எங்கள் கைவேலை.

ரோல்கள் தகட்டைச் சுருட்டிக்கொண்டே வரும். இரண்டு ஓரமும் சேரப்போகிற இடத்தில் ஆங்கில 'வி' எழுத்துப்போல ஒரு வாய் இருக்கும். மின்னோட்டம் 200 முதல் 450 கிலோஹெர்ட்ஸ் வரையில் வைப்போம். அந்த அதிர்வெண்ணில் மின்சாரம் உலோகத்தின் தோலோடுதான் ஓடும்; எதிரெதிர் ஓரங்கள் ஒன்றையொன்று இழுத்து அதை இன்னும் விளிம்பில் குவிக்கும். விளிம்பு மட்டும் உருகும், அழுத்து ரோல் அமுக்கும், உருகிய கசடு வெளியே பிதுங்கும், கத்தி அதைச் சீவிவிடும். ஃபில்லர் கிடையாது. நிமிடத்துக்குப் பல பத்து மீட்டர் ஓடும், நடந்து தொடர முடியாது.

எல்லாம் அந்த வாயில்தான் இருக்கிறது. கோணம் 4 முதல் 7 டிகிரிக்குள் நிற்க வேண்டும். குறுகினால் சேரும் இடத்துக்கு முன்பே பொறி தாவும், விரிந்தால் சூடு சிதறும். குழாய்க்குள் ஃபெரைட் தண்டு (காந்தப் பீங்கான்) ஒன்று நீரில் குளிர்ந்துகொண்டே நிற்கும். அதற்கு நீர் நின்றால் காந்த குணம் போய், திடீரென்று தையல் குளிர்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் மணிக்கொரு தரம் ஒரு வளையம் அறுத்து, தையல் பக்கவாட்டில் வரும்படி வைத்துப் பிரஸ்ஸில் நசுக்குவோம். நல்ல தையல் மடிந்து கொடுக்கும். கெட்டது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் பகுதியில் யாரும் பேச மாட்டார்கள், முந்தின ஒரு மணி நேர உற்பத்தி மொத்தமும் ஓரமாகப் போகும்.

---

சும்மாவந்தவன்

அப்போ உராய்வு வெல்டிங்? உருக்கவே வேண்டாம், இரண்டையும் தேய்த்தே ஒட்டிவிடலாமே?

---

நீலச்சுடர்

அருமையான முறை. கிணறு தோண்டும் துளைக்குழாயின் முனையில் திருகுப் பகுதியைச் சேர்ப்பது இதனால்தான். ஒரு பக்கம் சுழலும், மறுபக்கம் அழுத்தும், உலோகம் உருகாமலே பிசைந்து சேர்ந்துவிடும். அலுமினியத்தையும் ஸ்டீலையும்கூடச் சேர்க்கலாம், சாதாரண ஆர்க்கில் அது நடக்காது. ஆனால் பிதுங்கிய உலோகம் வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம் என்று சுருண்டு நிற்கும். வெளியே உள்ளதைக் கடைசலில் எடுத்துவிடலாம். 2 மீட்டர் நீளக் குழாய்க்குள் இருப்பதை யார் போய் எடுப்பது? திரவம் ஓடும் லைனில் அது தேங்கும் மேடு. தவிர, ஒரு துண்டைச் சுழற்றியாக வேண்டும். வளைத்த குழாயை எப்படிச் சுழற்றுவீர்கள்?

குழாயைச் சுழற்றாமல் ஆர்க்கை மட்டும் காந்தப்புலத்தால் முனையைச் சுற்றி ஓடவிட்டு, சில வினாடியில் அமுக்கிச் சேர்க்கும் முறையும் உண்டு. வாகன அச்சுக் குழாய்களில் பயன்படுகிறது. அங்கேயும் உள்வளையம் இருக்கும்.

---

பழைய_ஃபிட்டர்

ஃபிரேம் பக்கத்த எல்லாரும் மறந்துட்டீங்க. 2 மி.மீ. சதுரக் குழாய்க்கு மிக் போதும், மாத்தவே மாத்தாதே. மூணு விஷயம் மட்டும் பாரு.

மூலைல நிறுத்தாதே. வெல்டிங்கை நேர்ப்பக்கத்துல ஆரம்பிச்சு மூலையச் சுத்தி வந்து அடுத்த நேர்ப்பக்கத்துல முடி. மூலைல நிறுத்துனா அங்கதான் விரிசல் விடும்.

நாலு பக்கமும் மூடுற ஃபிரேம்ல ஒரு சின்ன ஓட்டை விடு. கடைசி அங்குலம் மூடும்போது உள்ள சூடான காத்து ஊதித் தள்ளும், பீடுல, அதான் வெல்டு வரில, ஓட்டை விழும். பின்னாடி அதை நாகத் தொட்டில முக்குறதா இருந்தா ஓட்டை இல்லாம முக்கவே முக்காதே. 450 டிகிரில உள்ள சிக்குன ஈரம் வெடிச்சுப் பக்கத்துல நிக்கிறவன் மேல நாகத்த வாரி அடிக்கும். பாத்திருக்கேன்.

நாகப்பூச்சுக் குழாய்னா முனையத் தேச்சு எடுத்துட்டு ஒட்டு. நாகம் 907 டிகிரில கொதிச்சு ஆவியாயிடும், இரும்பு உருகவே 1,500 வேணும். அந்த ஆவிதான் பீடுல ஊசித்துளை போடுறது, ராத்திரி காய்ச்சலும் அதோட வேலைதான்.

---

மில்காரன்

அண்ணே, மிக் எல்லா இரும்புக் குழாய்க்கும் சரி என்று யாராவது எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். அழுத்தம் தாங்கும் கனமான குழாயில் குறைந்த வோல்ட் ஷார்ட் சர்க்யூட் மிக் ஆபத்து. மேலே அழகாகப் படுத்திருக்கும், அடியில் பிடித்திருக்காது.

---

பழைய_ஃபிட்டர்

சரிதான். அதுக்கு ரூட்டு, அதான் அடி வரி, டிக்; மேல பூச்சு ராடு. எங்க காலத்துல ரூட்டே இ6010 ராடுதான். மேல 7018. இதுல ஒரு வேடிக்கை. 7018-ஐ சூட்டு அடுப்புல வெச்சுக் காயவிடணும், ஈரம் இருந்தா ஹைட்ரஜன் புகுந்து விரிசல். அதே அடுப்புல 6010-ஐயும் சேத்துப் போட்டா அது கெட்டுப்போகும், அதுக்குப் பூச்சுல கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் ஆர்க்குக்கு வேகம் வரும். புதுப் பசங்க ரெண்டையும் ஒண்ணா அடுக்கிட்டு "ராடு சரியில்லை"ம்பாங்க.

---

புதுப்பட்டறை

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பெரியவர் சொன்னது அப்படியே. மூலமட்டத்தில் வைத்தால் ஒரு பக்கம் 0.4 மி.மீ. வரை வெளிச்சம். முனை சீவும் சிறிய மெஷின் ஒன்றை ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கி, எல்லா முனையையும் சதுரமாகச் சீவினோம். ரப்பர் அடைப்பும் ஆக்சிஜன் மீட்டரும் வைத்தோம். ஆக்சிஜன் 50 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இறங்கிய பிறகே ஆர்க் அடிப்பது என்று கட்டாயமாக்கினேன். அதே வெல்டர், அதே டிக். 30 மூட்டில் 26 உள்ளே பளிச்.

மிச்சம் நாலுதான் புதிர். எல்லாமே காலையில் முதலில் போட்டவை. மீட்டர் 50-க்குக் கீழே காட்டியும் உள்ளே நீலம் படர்ந்திருக்கிறது. மதியம் அதே ஆள் அதே அமைப்பில் போட்டால் வெள்ளி மாதிரி வருகிறது.

---

எக்ஸ்ரே_ஆந்தை

ஆர்கான் வரும் ஹோஸ் என்ன? கறுப்பு ரப்பரா?

---

புதுப்பட்டறை

ஆமாம். சிலிண்டரிலிருந்து 15 மீட்டர்.

---

எக்ஸ்ரே_ஆந்தை

ரப்பர் ஹோஸ் ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்கும்போது காற்றில் உள்ள ஈரம் சுவர் வழியாக ஊடுருவும். காலையில் முதல் ஆர்கான் அதை வாரிக்கொண்டு வரும். உங்கள் மீட்டர் ஆக்சிஜனை மட்டும் பார்க்கிறது, ஈரத்தைப் பார்ப்பதில்லை. டெஃப்லான் ஹோஸுக்கு மாறுங்கள், நீளத்தைக் குறையுங்கள். அதுவரை காலையில் பதினைந்து நிமிடம் வாயுவை ஓடவிட்டு வீணாக்குங்கள்.

---

புதுப்பட்டறை

ஹோஸ் மாற்றியாயிற்று, காலை நீலம் போயிற்று.

முதலாளியும் மனம் மாறிவிட்டார். லேசர் இப்போதைக்கு இல்லை. முனை சீவும் மெஷினைச் சொந்தமாக வாங்குகிறோம், ஆர்பிட்டல் தலை ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கிறோம். அதில் இன்னொரு தலைவலி. குழாயோடு குழாய் சேர்த்தால் பீடு நடுவிலேயே ஓடுகிறது. குழாயோடு எல்போ (வளைவுத் துண்டு) சேர்த்தால் பீடு குழாய்ப் பக்கமாக ஒதுங்கி, எல்போ விளிம்பு உள்ளே உருகாமல் நிற்கிறது. டங்ஸ்டனைக் கோட்டுக்கு நேராகத்தான் வைத்திருக்கிறோம், பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தேன்.

---

நீலச்சுடர்

இரண்டின் மில் சான்றிதழிலும் கந்தகம் எவ்வளவு என்று பாருங்கள்.

---

புதுப்பட்டறை

குழாய் 0.002%, எல்போ 0.014%. இரண்டுமே 316எல் தானே? வரம்புக்குள்தான் இருக்கிறது.

---

நீலச்சுடர்

அதேதான் காரணம். உருகிய குட்டையின் மேற்பரப்பு இழுவிசையைக் கந்தகம் மாற்றிவிடும். கந்தகம் போதிய அளவு இருந்தால் உருகிய உலோகம் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடி ஆழமாக இறங்கும். மிகக் குறைவாக இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி, அகலமாக, ஆழமில்லாமல் பரவும். இரண்டும் அருகருகே நின்றால் குட்டை மொத்தமும் கந்தகம் குறைந்த பக்கம் சாயும். இப்போதெல்லாம் உருக்கு ஆலைகள் சுலபமாகக் கந்தகத்தைக் கழுவிவிடுவதால் 'அதிசுத்தமான' குழாய்தான் இப்படிப் படுத்தும். இதற்காகவே ஏஎஸ்எம்இ பிபிஇ (மருந்து, உயிர்த்தொழில் கருவிகளுக்கான அமெரிக்க விதி) 316எல் குழாய்க்குக் கந்தகம் 0.005 முதல் 0.017% வரை என்று கீழ் வரம்பும் சேர்த்து வைத்திருக்கிறது. அடுத்த ஆர்டரில் இதை எழுதிக் கேளுங்கள். கையில் இருக்கும் சரக்குக்கு டங்ஸ்டனை எல்போ பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்துச் சோதனை மூட்டுப் போட்டு, அறுத்துப் பாருங்கள்.

கை டிக்கில் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெல்டர் குட்டை ஒதுங்குவதைப் பார்த்துத் தன்னையறியாமல் டார்ச்சைத் தள்ளிப் பிடித்திருப்பார்.

---

லேசர்தாசன்

அந்த வெல்டருக்கு ஒரு சம்பள உயர்வு போடுங்கள். நானே சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்பிட்டலுக்கு ஆரம்ப அளவு வேண்டுமானால்: சுவர் கனம் ஆயிரத்தில் ஒரு அங்குலத்துக்கு ஓர் ஆம்பியர் என்று ஒரு பழங்கணக்கு உண்டு. உங்களுடையது 0.065 அங்குலம், அதனால் 65-ல் தொடங்குங்கள். சுற்றச் சுற்றக் குழாய் சூடேறும், கால் வட்டத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். சுற்று முழுக்க ஒரே ஆம்பியர் விட்டால் கடைசிக் கால்வட்டம் உள்ளே தொங்கிவிடும். (லேசர் ஆள்தான், ஆனால் டிக்கில்தான் பிழைப்பை ஆரம்பித்தேன்.)

---

புதுப்பட்டறை

65, 62, 59, 56 என்று வைத்தோம். உள்ளே பீடு சுற்றிலும் ஒரே அகலம்! எல்போவுக்கு டங்ஸ்டனை 0.5 மி.மீ. தள்ளினோம், பிடித்துவிட்டது. கேமராவில் பார்த்த ஆய்வாளர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூட்டுக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் பாராட்டு.

ஒரே ஒரு சின்ன விஷயம், அவர் குறிக்கவில்லை, எனக்குத்தான் உறுத்துகிறது. ஒவ்வொரு மூட்டிலும் உள்ளே கடுகளவு கரும்புள்ளி தெரிகிறது. சரியாக நாலு. கிட்டத்தட்டக் கால்வட்டத்துக்கு ஒன்று. ஆம்பியர் மாறும் இடமோ என்று நினைத்து அந்த இடங்களை நகர்த்திப் பார்த்தேன். புள்ளி நகரவில்லை.

---

பழைய_ஃபிட்டர்

நாலா? தம்பி, உன் முதல் பதிவ நீயே ஒரு தரம் படி. டாக் எந்த மேசைல வெக்கிறீங்க?

---

புதுப்பட்டறை

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் ஐயா. டாக் வைக்கிற மேசைக்கு ஆர்கான் லைனே இழுக்கவில்லை.